அமெரிக்காவின் ஆபத்தான நகரங்கள் பட்டியலில் செயின்ட் லூயிஸ் ஏன் அடிக்கடி முன்னிலையில் வருகிறது?

முதற்காரணம் நகர எல்லை. 1876-இல் செயின்ட் லூயிஸ் தன்னைச் சூழ்ந்த மாவட்டத்திலிருந்து பிரிந்து தனித்து நின்றது. அன்று வரைந்த கோடு இன்றும் மாறவில்லை. 1950-இல் 8,56,796 ஆக இருந்த மக்கள்தொகை, குடும்பங்கள் புறநகர்களுக்குப் பெயர்ந்ததால், 2020-இல் 3,01,578 ஆகச் சுருங்கியது. ஆனால் நகரையும் புறநகர்களையும் சேர்த்த பெருநகரப் பகுதியில் ஏறத்தாழ 28 லட்சம் பேர் வாழ்கிறார்கள்.

குற்ற விகிதம் ஒரு லட்சம் பேருக்கு இத்தனை என்று கணக்கிடப்படுகிறது. புறநகரிலிருந்து பேஸ்பால் ஆட்டம் பார்க்க வந்தவரிடம் அரங்கத்துக்கு வெளியே வழிப்பறி நடந்தால், அக்குற்றம் நகரக் கணக்கில் ஏறும். அவரோ அந்நகர மக்கள்தொகையில் சேரமாட்டார். புறநகர்களையும் உள்ளடக்கிப் பரந்து கிடக்கும் நகரங்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. இத்தகைய ஒப்பீடு தவறான முடிவுகளுக்கு இட்டுச்செல்லும் என்று அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யே எச்சரித்திருக்கிறது.

இதைச் சொல்வதால் நான் குற்றங்களைச் சிறிதாக்கவில்லை. நகரின் டெல்மார் சாலைக்கு வடக்கே, பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில், கூரை சரிந்த செங்கல் வீடுகள் ஆளின்றி நிற்கின்றன. வன்முறையின் சுமை அங்கேதான் மிகுதி. நகரம் முழுவதற்கும் ஒரே எண்ணைத் தரும் தரவரிசையில் அந்தத் தெருக்களின் நிலை தெரிவதில்லை என்பதே எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.