நாளை மாற்றுங்கள், எதிரணியை மாற்றாதீர்கள்

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை ஆட மறுக்கும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தைப் பெரிய லீக்கில் சேர்க்கலாமா என்று அமெரிக்காவில் பல வருடம் வாதம் நடந்ததாகப் படித்தேன். ஒத்த நம்பிக்கை உள்ள கல்லூரிகள் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டால் வம்பு இல்லையே? இங்கும் அப்படிச் செய்தால் என்ன? (வாசகர், ஈசூன்)

பதில்: கூடாது. சிங்கப்பூரில் கூடவே கூடாது. ஓர் அணியின் நம்பிக்கைக்காக ஆட்ட நாளை மாற்றலாம், நேரத்தை மாற்றலாம், உடுப்பு விதியைத் தளர்த்தலாம். யாரோடு ஆடுவது என்பதில் மட்டும் கை வைக்கக்கூடாது.

பிரிகாம் யங், மோர்மன் சபையின் பல்கலைக்கழகம். 2023இல் ‘பிக் 12’ என்ற பெரிய கல்லூரி லீக்கில் சேர்ந்துவிட்டது. ஞாயிறு ஆடாத வழக்கத்தை இன்னும் விடவில்லை. அட்டவணையும் போட முடிகிறது. ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தை எதிர்த்தவர்கள் கிழமைக்காக மட்டும் எதிர்க்கவில்லை. 1969இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் இனி அவர்களோடு ஆடுவதில்லை என்று அறிவித்தது. கறுப்பின ஆண்களுக்கு அந்தச் சபை அப்போது குருத்துவம் தரவில்லை, 1978இல்தான் தந்தது. ஸ்டான்ஃபோர்டின் கோபம் நியாயமானது. ஆனாலும் ஒரு கல்லூரி எதை நம்புகிறது என்று லீக் விசாரிக்கப் புகுந்தால், அடுத்து எந்தக் கல்லூரியின் வாசலில் போய் நிற்கும்? லீக் கேட்கவேண்டியது நடத்தையை. வந்த அணியின் ஆட்டக்காரரையோ நடுவரையோ இனம், மதம் சொல்லி அவமதித்தால் புள்ளியைக் கழியுங்கள். ‘இன்னாரோடு ஆடமாட்டோம்’ என்று ஓர் அணி மறுத்தால் அந்த ஆட்டத்தில் அது தோற்றதாக எழுதுங்கள். இதில் தயவு காட்டவேண்டாம்.

கிழமைப் பிரச்சினைக்கு வழி உண்டு. சனிக்கிழமைகளில் நடக்கும் ஒரு லீக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணியோடும் ஒருமுறை ஆடவேண்டும். 8 அணி என்றால் 7 சுற்று, 28 ஆட்டம். சுழல் முறையில் ஓர் அணியை நிலையாக வைத்து மற்ற ஏழையும் சுற்றுவோம் அல்லவா? சனிக்கிழமை ஆடாத அணியை அந்த நிலையான இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதன் ஆட்டம் முதல் வரியிலேயே வரும். அந்த ஒரு வரியை வியாழனுக்குத் தள்ளினால் முடிந்தது. நகர்வது 7 ஆட்டம்தான். வெள்ளிக்குத் தள்ளுவதானால் இரண்டு பக்கமும் பாருங்கள்: மதியத் தொழுகைக்குப் போகிறவர்கள் இருந்தால் இரண்டரைக்கு முன் வேண்டாம், சனி ஓய்வு நாள் வெள்ளி சூரியன் மறையும்போதே தொடங்கிவிடும், நமக்கு அது ஏழு மணிவாக்கில்.

சிக்கல் வருவது அரையிறுதியில். யார் வருவார்கள் என்று தெரியாமலே நாள் குறித்துவிடுகிறார்கள். 2003இல் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் இதுதான் நடந்தது: தொடர்ந்து வென்றால் ஞாயிறு ஆடவேண்டிய பிரிவில் பிரிகாம் யங்கைப் போட்டுவிட்டார்கள். அது முதல் ஆட்டத்திலேயே தோற்றதால் குழப்பம் வெடிக்கவில்லை. ஆகவே இறுதிக் கட்ட நாள்களை முதலில் குறியுங்கள், லீக் சுற்றைப் பிறகு நிரப்புங்கள்.

உடுப்பு விஷயத்தில் உலகமே தாமதமாகத்தான் விழித்தது. 2014 இன்சியோன் ஆசிய விளையாட்டில் முக்காட்டைக் கழற்றச் சொன்னதால் கத்தார் பெண்கள் கூடைப்பந்து அணி ஆட்டத்தையே விட்டுக்கொடுத்தது. 2017இல் சர்வதேசக் கூடைப்பந்து விதி மாறியது, முக்காடு அணியலாம்: கறுப்பு, வெள்ளை அல்லது சீருடையின் நிறம், அணி முழுக்க ஒரே நிறம், முகத்தை மறைக்காமல், முகத்தையும் கழுத்தையும் சுற்றித் திறந்து மூடும் பகுதி எதுவும் இல்லாமல். ஊசி குத்தாமல் தலைவழியே மாட்டிக்கொள்வது போதும்.

நம் பிள்ளைகள் விஷயம்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. தைப்பூசம் 1968 முதல் இங்கே பொது விடுமுறை இல்லை. அட்டவணை போடுகிறவரின் நாள்காட்டியில் அன்று சிவப்பு எழுத்தே இருக்காது. சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை வெறுங்காலோடு சுமார் 3 கிலோமீட்டர் காவடி சுமந்தவனை மறுநாள் பிற்பகல் ஓடவிட்டால், பாதத்தின் முன்பக்கக் கொப்புளம் முதல் திருப்பத்திலேயே உடையும். பயிற்றுநர் அதைச் சோம்பல் என்பார். விரதமிருப்பவன் கையில் கோழிச்சோற்றுப் பொட்டலத்தைக் கொடுத்தால் அவன் வெறும் வயிற்றோடுதான் இறங்குவான்.

பதிவுப் படிவத்தில் ‘மதம்’ என்ற கட்டத்தை எடுத்துவிடுங்கள். ‘எந்த நாள், எந்த நேரம் ஆட முடியாது? என்ன சாப்பிடமாட்டீர்கள்? உடுப்பில் ஏதும் தேவையா?’ என்ற மூன்று கேள்வி போதும். அட்டவணை வெளியாவதற்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே பதில் கைக்கு வரவேண்டும். வெளியான பிறகு இரண்டு அணியும் எழுத்தில் சம்மதித்தால் மட்டுமே மாற்றம்.