கணவர் வேலை பார்க்கும் நிறுவனத்தின் பங்கை வாங்கலாமா?

கேள்வி: என் கணவர் மணலியில் உள்ள ஓர் இரசாயன ஆலையில் நிரந்தரத் தொழிலாளி. சீட்டு எடுத்த வகையில் 2 லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது. அதை முழுவதுமாக அவருடைய நிறுவனத்தின் பங்குகளிலேயே போடலாம் என்று நினைக்கிறோம். ஆலையில் புதிய பிரிவு ஒன்று தொடங்க ஏற்பாடு நடப்பதால் பங்கு விலை நிச்சயம் ஏறும் என்கிறார் அவர். எம்.ஆர்.எஃப். பங்கு ஒன்றே லட்ச ரூபாயைத் தாண்டிவிட்டது. இதுவோ 300 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். பங்குச் சந்தை எங்களுக்குப் புதிது. என் பெயரில் டீமேட் கணக்கு தொடங்கலாமா?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்க உதவும் டீமேட் கணக்கைத் தாராளமாகத் தொடங்குங்கள், ஆனால் இந்த 2 லட்சத்தை அந்த ஒரே நிறுவனத்தில் போடாதீர்கள். கடிதத்தில் நீங்கள் எழுதியிருந்த நிறுவனத்தின் பெயரை உங்கள் நலன் கருதி நீக்கியிருக்கிறோம். அதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

புதிய பிரிவு தொடங்குவதை நிறுவனம் பங்குச் சந்தைகளுக்கு முறைப்படி அறிவித்திருந்தால், அந்தச் செய்தி ஊரறிந்தது. விலையிலும் அது ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அறிவிக்கவில்லை என்றால், விலையைப் பாதிக்கக்கூடிய அந்தத் தகவலைக் கையில் வைத்துக்கொண்டு பங்கு வாங்குவது, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் 2015-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி உள்வணிகம் ஆகும். வாங்கியது கணவரா மனைவியா என்பதால் அது மாறிவிடாது. செபி சட்டப்படி இதற்கான அபராதம் குறைந்தது 10 லட்சம் ரூபாய். மேலும், நிறுவனம் ஒரு பட்டியலில் பெயர் குறித்து வைத்திருக்கும் சில ஊழியர்களும் அவர்களுடைய நெருங்கிய குடும்பத்தாரும், ஒவ்வொரு காலாண்டு முடிந்ததிலிருந்து அதன் கணக்கு வெளியாகி 48 மணி நேரம் ஆகும்வரை அந்தப் பங்கை வாங்கவோ விற்கவோ கூடாது. ஆலைத் தொழிலாளர்கள் பொதுவாக இந்தப் பட்டியலில் இருப்பதில்லை. ஆயினும் கம்பெனி செக்ரட்டரி அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

சட்டச் சிக்கல் இல்லையென்றே வைத்துக்கொண்டாலும் என் பதில் மாறாது. உங்கள் வீட்டின் மாதச் சம்பளம், போனஸ், பணிக்கொடை எல்லாம் ஏற்கெனவே அந்த ஆலையை நம்பித்தான் இருக்கின்றன. சேமிப்பையும் அங்கேயே கொண்டுபோய் வைத்தால், ஆலைக்கு ஒரு கெட்ட காலம் வரும்போது சம்பளம் குறைகிற அதே மாதத்தில் பங்கின் விலையும் விழும். 2019 செப்டம்பரில் லாரி விற்பனை சரிந்தபோது, எண்ணூரில் அசோக் லேலண்ட் போன்ற பெரிய நிறுவனமே வேலையில்லா நாட்களை அறிவிக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்பு, 1996-ல் பின்னி ஆலை மூடப்பட்ட கதையைப் பெரம்பூர், புளியந்தோப்புப் பெரியவர்களைக் கேட்டாலே சொல்வார்கள். உங்கள் கணவருக்கு இயந்திரங்களும் உற்பத்தியும் நன்றாகத் தெரிந்திருக்கும், அதில் எனக்கு ஐயமில்லை; ஆனால் இரசாயன நிறுவனத்தின் இலாபத்தை மூலப்பொருள் விலை, இறக்குமதிப் போட்டி, கடன் வட்டி ஆகியவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன, அவை ஷிப்ட் வேலையில் கண்ணுக்குத் தெரிவதில்லை.

300 ரூபாய் என்பதால் மட்டும் ஒரு பங்கு மலிவாகிவிடாது. திருவொற்றியூரில் 1946-ல் பொம்மை பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்.பின் பங்கு, 2023 ஜூனில் 1 லட்சம் ரூபாயைத் தாண்டியதற்கு, மொத்தப் பங்குகளே சுமார் 42 லட்சம்தான் என்பது முக்கியக் காரணம். அதாவது அந்த விலையில் நிறுவனத்தின் மதிப்பு ஏறத்தாழ 42,000 கோடி. 300 ரூபாய்ப் பங்கு 100 கோடி எண்ணிக்கையில் இருந்தால் அந்த நிறுவனத்தின் மதிப்பும் 30,000 கோடி ஆகிவிடும். எனவே பங்கு ஒன்றுக்கு நிறுவனம் எவ்வளவு சம்பாதிக்கிறது, அதைப்போல் எத்தனை மடங்கு விலை கேட்கிறார்கள் என்று பாருங்கள். கடன் எவ்வளவு, நிறுவனர்கள் தங்கள் பங்குகளை அடகு வைத்திருக்கிறார்களா, தணிக்கையாளர் ஏதேனும் குறை சொல்லியிருக்கிறாரா என்பவை பங்குச் சந்தைகளின் இணையதளங்களில் கட்டணமின்றிக் கிடைக்கும்.

மகளின் கல்லூரிக் கட்டணம் இரண்டு ஆண்டுகளுக்குள் வந்து நிற்கும். அதற்கான தொகை வங்கி வைப்பில்தான் இருக்க வேண்டும்; அங்கே ஒருவர் ஒரு வங்கியில் வைத்திருக்கும் பணத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. மிஞ்சுவதை, 50 பெரிய நிறுவனங்களின் பங்குகளில் பணத்தைப் பிரித்துப் போடும் நிஃப்டி 50 குறியீட்டு நிதியில் மாதாமாதம் சிறு தொகையாகப் போட்டு வரலாம். தனிப்பங்கு வாங்கிப் பழக ஆசையிருந்தால், முழுவதும் போனாலும் வீட்டுச் செலவு தடுமாறாத பத்தாயிரம் ரூபாய் போதும். அதுவும் இரசாயனத் தொழிலுக்குத் தொடர்பில்லாத நிறுவனமாக இருக்கட்டும்.

கணக்கு தொடங்கும்போது அடிப்படைச் சேவை டீமேட் கணக்கு என்று கேளுங்கள்; 4 லட்சம் ரூபாய் மதிப்பு வரை அதற்கு ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் இல்லை. வாரிசு நியமனத்தை அப்போதே பதிந்துவிடுங்கள். எஃப் அண்ட் ஓ எனப்படும் முன்பேர வணிகத்துக்கும் சேர்த்து அனுமதி கேட்டால், அந்தக் கட்டத்தில் மட்டும் குறியிடாதீர்கள்.