மைனஸ் நான்கு, ப்ளஸ் ஐந்து

கேள்வி: 2023 மகளிர் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் மொராக்கோ ஆடிய நான்கு ஆட்டங்களைப் பற்றியும் இதழுக்கு இதழ் எழுதினீர்கள். முதல் ஆட்டத்தில் 6-0, கடைசி ஆட்டத்தில் 4-0 என்று தோற்ற அணி அது. இறுதி ஆட்டத்தைப் பற்றி மட்டும் எழுதியிருந்தால் போதாதா? மகளிர் கால்பந்தின் தரம் குறைவு என்று வெளிப்படையாகச் சொல்லத் தயங்கி, பரிவினால் பக்கங்களை நிரப்புகிறீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அடுத்த உலகக் கோப்பைக்கும் இப்படித்தானா?

பதில்: பரிவினால் எழுதியிருந்தால், ஜூலை 24ஆம் தேதி மெல்போர்னில் நடந்த முதல் ஆட்டத்தை அவ்வளவு விரிவாக எழுதியிருக்க மாட்டோம். ஜெர்மனியின் அலெக்ஸாண்ட்ரா பாப் முதல் பாதியிலேயே இரண்டு கோல் அடித்ததையும், இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கிய உடனேயே மூன்றாவது கோல் விழுந்ததையும், அதன் பிறகு விழுந்த மூன்றில் இரண்டு மொராக்கோ வீராங்கனைகள் தங்கள் வலைக்குள்ளேயே தள்ளிவிட்ட சுய கோல்கள் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னோம். தற்காப்பு சிதறிப்போனது என்று அந்த இதழில் எழுதியது நான்தான். இன்றும் அதை மாற்றிக்கொள்ள எனக்குக் காரணம் இல்லை. நீங்கள் சொல்லும் 6-0 சரி, 4-0 சரி. ஆனால் அவற்றுக்கு நடுவே இரண்டு ஆட்டங்கள் நடந்தன. உங்கள் கேள்வியில் அவை இல்லை.

ஆறு நாள் கழித்து, ஜூலை 30 அன்று, அடிலெய்டில் தென் கொரியாவை எதிர்த்து அதே அணி இறங்கியது. உலகக் கால்பந்தை நிர்வகிக்கும் ஃபிஃபா அமைப்பின் தரவரிசையில் தென் கொரியா 17ஆம் இடத்திலும் மொராக்கோ 72ஆம் இடத்திலும் இருந்தன. ஆறாவது நிமிடத்தில் இப்திஸாம் ஜரைதி தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். மகளிர் உலகக் கோப்பையில் மொராக்கோ அடித்த முதல் கோல் அதுதான். அந்த ஒரு கோலை மீதமிருந்த நேரம் முழுவதும் காப்பாற்றியது, ஆறு நாளுக்கு முன் ஆறு கோல் வாங்கிய அணி. அன்று தற்காப்பில் தொடக்கத்திலிருந்தே ஆடிய நுஹைலா பென்சினா, வயது வரம்பு இல்லாத முதன்மை உலகக் கோப்பை ஆட்டம் ஒன்றில் ஹிஜாப் அணிந்து ஆடிய முதல் வீராங்கனை ஆனார். இதை அலங்காரச் செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தலையை மூடும் துணிக்கு ஃபிஃபா விதித்திருந்த தடை 2014இல்தான் முழுமையாக நீங்கியது. அதற்கு முன், 2011இல், ஜோர்டானில் நடக்கவிருந்த ஒலிம்பிக் தகுதிச் சுற்று ஆட்டம் ஒன்றில் ஈரான் மகளிர் அணியை இதே காரணத்துக்காக ஆடவே விடவில்லை. பயிற்சி பெற்று, தேர்வாகி, மைதானம் வரை வந்தவர்களைத் திருப்பி அனுப்பிய விதி அது. பென்சினா ஆடத் தொடங்கிய காலத்திலும் அந்த விதி இருந்தது.

மூன்றாவது ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அதைப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வியையே நீங்கள் வேறு விதமாகக் கேட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆகஸ்ட் 3, பெர்த். எதிரணியான கொலம்பியா அதற்கு முந்தைய ஆட்டத்தில்தான் கூடுதல் நிமிடங்களில் மனுவேலா வனேகாஸ் அடித்த கோலால் ஜெர்மனியை 2-1 என்று வீழ்த்தியிருந்தது. முதல் பாதி முடியும் தறுவாயில் மொராக்கோவுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. கேப்டன் கிஸ்லான் ஷெப்பாக் அடித்த பந்தைக் கொலம்பியாவின் கோல்கீப்பர் தடுத்துவிட்டார். தெறித்து வந்த பந்தை ஓடிவந்த அனிசா லஹ்மாரி வலைக்குள் தள்ளினார். அந்த 1-0 கடைசி வரை நின்றது. ஆனால் அதோடு எதுவும் தீர்ந்துவிடவில்லை. குழுவின் நான்கு அணிகளில் முதல் இரண்டுதான் அடுத்த சுற்றுக்குப் போகும். அதே நேரத்தில் பிரிஸ்பேனில் ஜெர்மனியும் தென் கொரியாவும் 1-1 என்ற நிலையில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. ஜெர்மனி ஒரு கோல் அடித்தால் மொராக்கோ வீட்டுக்குப் போக வேண்டும். தங்கள் ஆட்டத்தை வென்று முடித்த வீராங்கனைகள் மைதானத்தின் நடுவிலேயே கூட்டமாக நின்று, வேறொரு நகரத்து ஆட்டம் முடிவதற்காகக் காத்திருந்தார்கள். அங்கே கூடுதல் நிமிடங்கள் நீண்டுகொண்டே போயின. முடிந்தபோது அவர்கள் ஓடியதையும் விழுந்ததையும் அழுததையும் பார்த்தவர்களுக்கு, முதல் ஆட்டத்தின் ஆறு கோல்களும் நினைவில் இருந்ததால்தான் அந்தக் காட்சி அவ்வளவு கனமாக இருந்தது. ஜூலை 24ஐப் பார்க்காதவருக்கு அது ஒரு சாதாரண வெற்றிக் கொண்டாட்டம்.

குழுவின் இறுதிப் பட்டியலைப் பாருங்கள். கொலம்பியாவுக்கும் மொராக்கோவுக்கும் ஆளுக்கு 6 புள்ளிகள். ஜெர்மனிக்கு 4, தென் கொரியாவுக்கு 1. மொராக்கோ அடித்தது 2 கோல், வாங்கியது 6. கோல் வித்தியாசம் மைனஸ் நான்கு. ஜெர்மனி அடித்தது 8, வாங்கியது 3, ப்ளஸ் ஐந்து. மைனஸ் நான்கு அடுத்த சுற்றுக்குப் போனது. இருமுறை உலகக் கோப்பையை வென்ற ப்ளஸ் ஐந்து, தன் வரலாற்றில் முதன்முறையாகக் குழுச்சுற்றோடு வெளியேறியது. ஓர் அணியின் தகுதியை ஒரே ஆட்டத்தின் கோல் கணக்கால் அளக்க முடியும் என்றால் இந்தப் பட்டியலை எப்படிப் படிப்பீர்கள்? இன்னொன்றையும் கேட்கிறேன். அதே போட்டியின் குழுச்சுற்றில், வெலிங்டனில், 4-0 என்று ஜப்பானிடம் தோற்றது எந்த அணி தெரியுமா? ஸ்பெயின். மூன்று வாரத்துக்குள் சிட்னியில் இங்கிலாந்தை 1-0 என்று வென்று கோப்பையைத் தூக்கிய அதே ஸ்பெயின். இறுதி ஆட்டம் மட்டும் போதும் என்பவருக்கு அந்தத் தோல்வி தெரியாது. 2022 செப்டம்பரில் ஸ்பெயினின் பதினைந்து வீராங்கனைகள் அப்போதைய நிலையில் தங்களை அணிக்கு அழைக்க வேண்டாம் என்று தங்கள் நாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்புக்கு எழுதியதும், அவர்களில் மூவர் மட்டுமே உலகக் கோப்பை அணியில் இடம்பெற்றதும், மற்றவர்கள் இல்லாமலே அந்த அணி வென்றதும் தெரியாது. கோப்பை கைக்கு வந்த தொண்ணூறு நிமிடங்களை மட்டுமே அவர் அறிவார்.

தரம் பற்றிக் கேட்டீர்கள். வேறுபாடே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2019 உலகக் கோப்பையில் தாய்லாந்து அமெரிக்காவிடம் 13-0 என்று தோற்றபோது பார்க்கவே கடினமாக இருந்தது. சில வாரங்களில், அணிகளின் எண்ணிக்கையை 24இலிருந்து 32 ஆக உயர்த்த ஃபிஃபா முடிவெடுத்தபோது, இப்படிப்பட்ட ஆட்டங்கள் பெருகும் என்று பலர் அஞ்சினார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது. ஆனால் நடந்தது வேறு. 2023இல் முதன்முறையாக வந்த எட்டு அணிகளில் பிலிப்பைன்ஸ், போட்டியை நடத்திய நியூசிலாந்தை வென்றது. போர்ச்சுகல் அமெரிக்காவை 0-0 என்று நிறுத்தி, கடைசி நேரத்தில் கம்பத்தில் பட்டுத் திரும்பிய ஒரு பந்தால் மட்டுமே அவர்களை வெளியேற்றும் வாய்ப்பை இழந்தது.

தரம் வானத்திலிருந்து விழுவதில்லை. ஆட விட்டால்தான் வரும். மொராக்கோவை ஆறு கோலில் தோற்கடித்த ஜெர்மனியையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கு ஜெர்மனியின் கால்பந்துக் கூட்டமைப்பு, தன் கழகங்கள் பெண்களுக்கு அணி அமைப்பதையும் மைதானம் கொடுப்பதையும் 1955இல் தடை செய்தது. அந்தத் தடை 1970 வரை நீடித்தது. அந்நாட்டு மகளிர் அணி தன் முதல் சர்வதேச ஆட்டத்தை 1982இல்தான் ஆடியது. 1989இல் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது வீராங்கனைகளுக்குக் கூட்டமைப்பு கொடுத்த பரிசு ஆளுக்கொரு காபிக் கோப்பைத் தொகுப்பு. அங்கிருந்து 2003இல் உலகக் கோப்பை வரை போனார்கள். இங்கிலாந்தில் 1920 டிசம்பரில் லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் ஒரு மகளிர் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் கூடினார்கள். அடுத்த ஆண்டே, கழக மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் தடை போட்டது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் மைதானமே கிடைக்காதவர்களை, ஒரு நாளும் தடைபடாமல் ஆடியவர்களோடு ஒப்பிட்டுத் தரம் பேசுவது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

மொராக்கோவின் எழுச்சியும் தற்செயல் அல்ல. அந்நாட்டுக் கூட்டமைப்பு மகளிர் லீக்கைத் தொழில்முறை ஆட்டமாக மாற்றப் பணம் செலவிட்டது. ஐரோப்பாவில் லியோன் மகளிர் அணிக்கு இரண்டு சாம்பியன்ஸ் லீக் பட்டங்களை வாங்கிக் கொடுத்த ரேனால் பெத்ரோஸைப் பயிற்சியாளராக அழைத்தது. 2022இல் தன் மண்ணில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை அணி சென்றது. அதே ஆண்டு ரபாத்தின் ஏ.எஸ். ஃபார் கழகம் ஆப்பிரிக்க மகளிர் சாம்பியன்ஸ் லீக்கை வென்றது. ஷெப்பாக்கும் பென்சினாவும் அப்போது அந்தக் கழகத்தின் வீராங்கனைகளாக இருந்தார்கள். ஷெப்பாக்கின் தந்தை லர்பி ஷெப்பாக்கும் மொராக்கோவுக்காக ஆடியவர். இவையெல்லாம் தெரிந்திருந்தால், தென் கொரியாவை அவர்கள் வென்றது அதிசயமாகத் தோன்றாது. மெல்போர்னில் அவர்கள் ஆடிய விதம்தான் விதிவிலக்காகத் தோன்றும்.

நான்காவது ஆட்டம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆகஸ்ட் 8 அன்று பிரான்ஸ் எல்லா வகையிலும் மேலான அணியாக இருந்தது; முதல் பாதிக்குள்ளேயே மூன்று கோல் விழுந்துவிட்டது. அந்த அணியின் அப்போதைய பயிற்சியாளர் எர்வே ரெனார், 2018இல் மொராக்கோ ஆடவர் அணியை உலகக் கோப்பைக்கு அழைத்துச் சென்றவர் என்பதையும் அன்றே குறிப்பிட்டோம். இந்த 4-0 தோல்வியும் முதல் 6-0 தோல்வியும் தாளில் ஒரே மாதிரித் தெரிகின்றன. முதலாவதைச் சந்தித்தது உலகக் கோப்பையில் ஒரு நிமிடம்கூட ஆடியிராத அணி. இரண்டாவதைச் சந்தித்தது குழுச்சுற்றைத் தாண்டி வந்த பதினாறு அணிகளில் ஒன்று.

அடுத்த உலகக் கோப்பை 2027இல் பிரேசிலில் நடக்கிறது. பெண்களின் இயல்புக்குப் பொருந்தாத விளையாட்டுகள் என்று 1941இல் அரசாணை போட்டு, 1979 வரை மகளிர் கால்பந்தைச் சட்டத்தாலேயே தடுத்து வைத்திருந்த நாடு அது. ஆம், அப்போதும் இப்படித்தான்: ஓர் அணியைத் தேர்ந்துகொண்டு, அது தோற்றாலும் வென்றாலும், முதல் ஆட்டத்திலிருந்து அது வெளியேறும் நாள் வரை எழுதுவோம். எந்த அணி என்பதைத் தகுதிச் சுற்றுகள் எல்லாம் முடிந்த பிறகு முடிவு செய்வோம். உங்கள் மனத்தில் ஓர் அணி இருந்தால் எழுதுங்கள்.