புனர்பூசத்துக்குப் பக்கத்தில் ஓர் எக்ஸ் கதிர் இரட்டை

வணக்கம் அக்கா,

எக்ஸ் கதிர் வீசும் வெள்ளைக் குள்ள இரட்டைகள் (எரிந்து முடிந்த விண்மீன் ஒன்றும் இன்னொரு விண்மீனும் சேர்ந்து சுற்றும் சோடிகள்) பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். பிடித்திருந்தது, ஆனால் ஒரு சோர்வும் வந்தது. எக்ஸ் கதிரைப் பார்க்கச் செய்மதி வேண்டும். எங்களிடம் இருப்பது நண்பர்கள் காசு சேர்த்து வாங்கிய நாலு அங்குலத் தொலைகாட்டி. காரைநகரில் இருந்துகொண்டு, வாசிப்பதைத் தவிர, இதில் நாங்கள் செய்ய ஏதாவது உண்டா?

ஒரு வாசகர், காரைநகர்

அன்புள்ள தம்பி,

உண்டு. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

எக்ஸ் கதிர் நிலம் வரை வராது, வளிமண்டலமே அதை உறிஞ்சிவிடும் என்பது சரி. அதனால்தான் சந்திரா, எக்ஸ்எம்எம் நியூட்டன் (இரண்டும் 1999), இந்தியாவின் அஸ்ட்ரோசாட் (2015) ஆகிய செய்மதிகள் எல்லாம் மேலே போயின. ஆனால் இந்த இரட்டைகள் எப்போது குழப்படி செய்யும் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது, ஒரு செய்மதியை ஒரே விண்மீனின் முன்னால் மாதக்கணக்கில் நிறுத்திவைக்கவும் ஏலாது. இரவுக்கு இரவு பார்த்து "எழும்பிவிட்டது" என்று சொல்ல ஆட்கள் வேண்டும்.

எஸ்எஸ் சிக்னி என்ற இரட்டையைப் பாருங்கள். பூமியளவு இடத்துக்குள் ஏறத்தாழ ஒரு சூரியனின் திணிவை அடக்கிய வெள்ளைக் குள்ளன் ஒன்று, பக்கத்து விண்மீனின் வாயுவை இழுத்துத் தன்னைச் சுற்றித் தட்டாகச் சேர்க்கிறது. தட்டின் உள்விளிம்பு செக்கனுக்கு ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் வேகத்தில் சுற்றிவந்து குள்ளனின் மேற்பரப்பில் திடீரென்று வேகம் இழக்கும்போது வாயு கோடிக்கணக்கான பாகைக்குச் சூடாகிறது, எக்ஸ் கதிர் அங்கேதான் பிறக்கிறது. தட்டில் வாயு மிஞ்சினால் தட்டு திடீரென்று பிரகாசமாகும், இதைத்தான் வெடிப்பு என்கிறோம். 1996இல் அப்படி ஒரு வெடிப்பை எக்ஸ் கதிர்ச் செய்மதியும் வீட்டு முற்றத்தில் நின்ற பொழுதுபோக்கு நோக்குநர்களும் சேர்ந்தே பதிந்தார்கள். இரண்டு பதிவையும் பக்கத்தில் வைத்தபோது, கண்ணுக்குத் தெரியும் ஒளி முதலில் ஏற, எக்ஸ் கதிர் ஏறத்தாழ ஒரு நாள் பிந்தி ஏறியது தெரிந்தது. அந்த ஒரு நாள், தட்டின் வெளிப்பக்கத்தில் தொடங்கிய குழப்பம் உள்ளே வந்துசேர எடுத்த நேரம். அதன் பிறகு கடும் எக்ஸ் கதிர் சட்டென்று அடங்கிவிட்டது, ஏனென்றால் வாயு தடித்துப்போய் புறஊதாவாகவே வெப்பத்தை வெளியேற்றத் தொடங்கியது. முற்றத்துப் பதிவு இல்லாவிட்டால் அந்த ஒரு நாளை எதிலிருந்து எண்ணுவது? எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த அளவீடு இதுதான்.

சரி, நீங்கள் செய்யக்கூடியது. எஸ்எஸ் சிக்னி நல்லாய்த் தெரியும் புரட்டாசி, ஐப்பசியில் எங்களுக்கு மழை தொடங்கிவிடும், அதை நம்ப வேண்டாம். யூ ஜெமினோரத்தை எடுங்கள், இதுவும் அதே வகை, 1855இல் ஹைண்ட் என்ற ஆங்கிலேய வானியலாளர் கண்டுபிடித்தது. மாசி மாத இரவு பத்து மணியளவில் உச்சிக்குப் பக்கத்தில் நிற்கும். புனர்பூசத்தின் பொலக்ஸ் என்ற விண்மீனிலிருந்து தெற்கே ஆறு பாகை, கொஞ்சம் கிழக்காக. சாதாரணமாக 14ஆம் பருமன் (பருமன் என்பது ஒளியின் அளவு, எண் கூடக்கூட மங்கல்), உங்கள் தொலைகாட்டிக்கு அகப்படாது. சராசரியாக நூறு நாளைக்கு ஒருமுறை எழும்பி 9ஆம் பருமன் வரை வரும், அப்போது தவறவிட முடியாது.

அமெரிக்க மாறும் விண்மீன் நோக்குநர் சங்கம், 1911இல் தொடங்கியது, விண்மீன் வரைபடங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. வரைபடத்தில் பக்கத்து விண்மீன்களின் பருமன் எழுதியிருக்கும், அவற்றோடு ஒப்பிட்டு யூ ஜெமினோரத்தின் பருமனைக் கணியுங்கள். நேரத்தை உலக நேரத்தில் எழுத வேண்டும், எங்கள் மணியில் ஐந்தரை மணித்தியாலம் கழித்தால் சரி. பெரும்பாலான இரவுகளில் ஒன்றும் தெரியாது. அதை விட்டுவிடாதீர்கள். அருகில் தெரிந்த மிக மங்கலான விண்மீன் 11.8 என்றால் "11.8ஐ விட மங்கல்" என்று பதியுங்கள், வெடிப்பு எந்த இரவுக்குப் பிறகு தொடங்கியது என்பதை ஆய்வாளர் கண்டுபிடிப்பது அந்த வரியில் இருந்துதான்.

கசூரினா கடற்கரைப் பக்கம் போவதென்றால் நிலவு இல்லாத நாளாகப் பார்த்து நாலு பேராகப் போங்கள். வரைபடத்தை இணையத்தில் எடுப்பதிலோ கணிப்பைச் சங்கத்துக்கு அனுப்புவதிலோ சிக்கல் வந்தால் எழுதுங்கள், நான் சொல்லித் தருகிறேன்.