வெளியே செருகும் சவுண்ட் கார்டு: எதை வாங்குவது, எதை விடுவது?

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பல, யுஎஸ்பி சவுண்ட் கார்டைப் பற்றியே இருந்தன. கணினியின் யுஎஸ்பி துளையில் செருகி, ஹெட்போன், ஸ்பீக்கர், மைக் மாட்டிக்கொள்ளும் சின்னக் கருவி அது. அவற்றை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: மேசைக் கணினியில் ஹெட்போன் மாட்டினால் 'கிர்ர்' என்று ஓர் இரைச்சல். மவுஸை நகர்த்தினால் அதன் சுருதி மாறுகிறது. மலிவான யுஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கிச் செருகினால் சரியாகிவிடுமா?

பதில்: எந்த ஜாக்கில் மாட்டினீர்கள் என்று எழுதவில்லை. கேபினெட்டின் முன்பக்கம் என்றால், முதலில் பின்பக்கத்துப் பச்சை ஜாக்கில் மாட்டிக் கேளுங்கள். முன்பக்க ஜாக்குக்கான ஒயர் பெரும்பாலும் மதர்போர்டின் கீழ் மூலையில் கிளம்பி, கிராபிக்ஸ் கார்டு, ஃபேன் ஒயர்கள் அருகாக ஊர்ந்து முன்னே வருகிறது. வழியில் கிடைக்கும் மின் இரைச்சலையும் சேர்த்தே கொண்டுவரும். பின்பக்கத்தில் சுத்தமாகக் கேட்டால் ஒரு 3.5 மி.மீ. நீட்டிப்பு கேபிள் போதும்.

பின்பக்கத்திலும் இரைச்சல் இருந்தால் யுஎஸ்பி சவுண்ட் கார்டு பலன் தரும். டிஜிட்டல் ஒலியை அனலாக் ஆக்கும் சிப் கேபினெட்டை விட்டு வெளியே வந்துவிடுகிறது, அவ்வளவுதான் விஷயம். அதனால், பெண்டிரைவ் போலக் கணினியோடு ஒட்டி நிற்கும் வகையைவிட, ஒரு சாண் கேபிளாவது உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்துத் துளைகளை மறைக்காது. ஹெட்போன் ஒயரை யாராவது இழுத்தால் யுஎஸ்பி துளையும் தளராது.

கேள்வி: எனக்கும் அதே இரைச்சல்தான். ஆனால் சவுண்ட் கார்டு வாங்கி மாட்டிய பிறகும் ஸ்பீக்கரில் அப்படியே கேட்கிறது. கார்டு மோசமா?

பதில்: அதே கார்டில் ஹெட்போனை மாட்டுங்கள். ஹெட்போனில் அமைதி, கரண்டில் ஓடும் ஸ்பீக்கரில் மட்டும் இரைச்சல் என்றால் கார்டின் மேல் பழி இல்லை. கணினிக்கு ஓர் எர்த் பாதை, ஸ்பீக்கருக்கு இன்னொரு எர்த் பாதை. இரண்டையும் ஆடியோ கேபிளின் கிரவுண்ட் ஒயர் இணைத்து ஒரு வளையமாக்குகிறது. இதைத்தான் கிரவுண்ட் லூப் என்கிறார்கள். யுஎஸ்பி கேபிளிலும் கிரவுண்ட் ஒயர் உண்டு. ஆகவே எவ்வளவு உயர்ந்த கார்டை வாங்கினாலும் வளையம் அறுபடாது. ஆடியோ கேபிளைக் கணினியிலிருந்து கழற்றி, பேட்டரியில் ஓடும் கைப்பேசியில் மாட்டிப் பாருங்கள். இரைச்சல் மறைந்தால் நோய் உறுதி.

கணினி, மானிட்டர், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டுவது முதல் வைத்தியம். போகவில்லையென்றால், ஆடியோ கேபிளின் நடுவே செருகும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர். உள்ளே இரண்டு சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கும். மட்டமானதாக இருந்தால் அடிநாதம் கொஞ்சம் மெலியும். சவுண்ட் கார்டிலும் ஸ்பீக்கரிலும் ஆப்டிகல் துளை இருந்தால் அதுவே சிறந்த வழி. ஒளியில் போகும் சிக்னலுக்குக் கிரவுண்ட் ஒயர் கிடையாது. ஸ்பீக்கர் பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிடும் 'வைத்தியம்' ஒன்று புழங்குகிறது. உயிருக்கு ஆபத்து, செய்யாதீர்கள்.

கேள்வி: பெட்டியில் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ், 7.1 என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். விலையும் அதற்கேற்ப ஏறுகிறது. கையைக் கடிக்காமல் வாங்க எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: பெட்டியைத் திருப்பி, எத்தனை துளைகள், ஒவ்வொன்றும் எதற்கு என்று பாருங்கள். எண்கள் அதற்குப் பிறகு. எதை உள்ளே செலுத்தப் போகிறீர்கள், எதை வெளியே மாட்டப் போகிறீர்கள் என்பதுதான் முடிவு செய்யும்.

கேட்பதற்கும், வீடியோ அழைப்பில் பேசுவதற்கும் மட்டும் என்றால் ஒரு ஹெட்போன் ஜாக், ஒரு மைக் ஜாக் உள்ள சின்ன வகை போதும். இவற்றில் ஆக மலிவானவற்றின் உள்ளே பெரும்பாலும் சி-மீடியா நிறுவனத்தின் சிஎம்108 குடும்பத்துச் சிப்போ, அதைப் போன்ற ஒன்றோ இருக்கும். 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், மைக் பக்கம் மோனோ. பேச்சுக்குத் தாராளம். ஒலி இன்னும் தெளிவாக வேண்டுமென்றால், கிரியேட்டிவ் நிறுவனத்தின் சவுண்ட் பிளாஸ்டர் பிளே! 3 போன்றவை ஒரு படி மேலே. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரை போகும்.

பழைய கேசட்டைப் பதிவு செய்ய லைன்-இன் துளை வேண்டும், அதாவது டேப் ரெக்கார்டர் போன்ற கருவியின் ஒலியை வாங்கிக்கொள்ளும் துளை. சின்ன வகையில் அது அநேகமாக இருக்காது. பெஹ்ரிங்கர் யூசிஏ222 இந்த வேலைக்கென்றே இருப்பது: சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ துளைகள் உள்ளே இரண்டு, வெளியே இரண்டு, கூடவே ஓர் ஆப்டிகல் அவுட். 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்தான். கேசட்டுக்கு அதுவே அதிகம்.

பாட்டு, பாட்காஸ்ட் என்று ஸ்டூடியோ மைக்கில் பதிவு செய்வதென்றால், மூன்று பின் எக்ஸ்எல்ஆர் துளையும், மைக்குக்குக் கேபிள் வழியே மின்சாரம் தரும் 48 வோல்ட் பேண்டம் பவரும் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது பதிவுக்கான சவுண்ட் கார்டு, அவசியம். பெஹ்ரிங்கர் யூஎம்2 அடிமட்டம். யூஎம்சி202ஹெச்டி, ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ அதற்கு மேலே.

இப்போது எண்களுக்கு வருவோம். பெட்டியில் உள்ள கிலோஹெர்ட்ஸ், ஒலியை நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளக்கிறது என்பது; ஒவ்வோர் அளவும் ஒரு சாம்பிள். பிட் என்பது அந்த அளவின் நுணுக்கம். மனிதக் காதின் எல்லை சுமார் 20 கிலோஹெர்ட்ஸ். 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்த ஒலி, அதில் பாதியான 22 கிலோஹெர்ட்ஸ் வரை பிடித்துவிடுகிறது. 192 என்பது கேட்பவருக்கு எதையும் கூட்டித் தராது. 16 பிட்டின் ஒலி வீச்சு 96 டெசிபெல்; சாதாரண அறையின் அமைதி இரைச்சலே அதைவிடப் பெரிய தடை. பதிவு செய்பவருக்கு மட்டும் 24 பிட் உண்மையில் உதவும். அளவைத் தாழ்த்தி வைத்துப் பதிந்து, பிறகு இரைச்சல் ஏறாமல் உயர்த்திக்கொள்ளலாம். யுஎஸ்பி 3.0 என்ற விளம்பரத்துக்கும் காசு கொடுக்க வேண்டாம். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவுக்கு நொடிக்கு 4.6 மெகாபிட் போதும், யுஎஸ்பி 2.0-வின் வேகமோ 480 மெகாபிட்.

ஏழு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர் என்று பொருள்படும் 7.1-இன் கதை இன்னும் வேடிக்கை. ஒரே ஒரு ஹெட்போன் துளையை வைத்துக்கொண்டு 7.1 என்றால், அது மென்பொருள் காட்டும் பாவனை. உண்மையான 5.1-க்கே முன், பின், நடு-சப்வூஃபர் என மூன்று ஸ்டீரியோ ஜாக்குகள் வேண்டும்.

டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) தனியாக வேண்டாத, 'யுஎஸ்பி ஆடியோ கிளாஸ்' என்ற பொது முறைப்படி இயங்கும் கார்டையே தேடுங்கள். முதல் தலைமுறைக் கிளாஸை எல்லா இயங்குதளமும் அறியும். இரண்டாம் தலைமுறைக்கான டிரைவர் விண்டோஸில் 2017-இல், 10-ஆம் பதிப்பின் 1703 புதுப்பிப்போடுதான் சேர்ந்தது. இன்னும் விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் தயாரிப்பாளரின் டிரைவர் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: கைப்பேசியின் டைப்-சி துளையில் ஹெட்போன் மாட்ட உதவும் குட்டி மாற்றியை, அதாவது டாங்கிளை, கணினியில் பயன்படுத்தலாமா?

பதில்: தாராளமாக. டைப்-சி துளை இல்லாத கணினியில் ஒரு டைப்-ஏ மாற்றியோடு செருகுங்கள். ஆப்பிளின் டாங்கிள் அளவில் சிறியதானாலும் தரத்தில் பல பெரிய டப்பாக்களைத் தோற்கடிக்கும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். ஒரு எச்சரிக்கை: சில டாங்கிள்களுக்குள் சிப்பே இருக்காது, வெறும் ஒயர் மட்டும். கைப்பேசியே அனலாக் ஒலியை அனுப்பினால்தான் அவை பேசும். கணினியில் செருகினால் ஊமை. விவரத்தில் 'டிஏசி' என்ற சொல், அதாவது அந்தச் சிப்பின் பெயர், இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: எக்ஸ்எல்ஆர் மைக்கை 3.5 மி.மீ. கேபிள் வழியாகச் சின்ன சவுண்ட் கார்டில் மாட்டினேன். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் மெல்லக் கேட்கிறது.

பதில்: கண்டென்சர் மைக்காக இருந்தால் அதற்கு 48 வோல்ட் தேவை. சின்னக் கார்டின் மைக் ஜாக் தருவது அதிகபட்சம் 5 வோல்ட். காலர் மைக்கை ஓட்டத்தான் அது. சில மலிவுக் கண்டென்சர்கள் அந்த 5 வோல்ட்டிலும் ஒப்பேற்றும், இரைச்சலோடு. டைனமிக் மைக்குக்குக் கரண்ட் வேண்டாம். ஆனால் அது தரும் சிக்னல் சில மில்லிவோல்ட்தான். அதை 50, 60 டெசிபெல் உயர்த்தும் பிரீஆம்ப் சின்னக் கார்டில் இல்லை. விண்டோஸில் 'மைக் பூஸ்ட்' ஏற்றினால் குரலோடு இரைச்சலும் ஏறும். இன்டர்ஃபேஸ் வாங்குங்கள், அல்லது அந்த மைக்கைக் கொடுத்துவிட்டு யுஎஸ்பி மைக் ஒன்றை வாங்குங்கள். ஒருவர் மட்டும் பேசும் பதிவுக்குப் பின்னதுதான் சிக்கனம். யுஎஸ்பி மைக் வாங்கினால் தனி சவுண்ட் கார்டே வேண்டாம், அது அதற்குள்ளேயே இருக்கிறது.

கேள்வி: டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து சவுண்ட் கார்டின் மைக் துளைக்குக் கொடுத்துக் கேசட்டைப் பதிந்தால் கரகரப்பாகவும் ஒரே பக்கமாகவும் வருகிறது.

பதில்: இரண்டுமே அந்த மைக் துளையின் வேலை. மில்லிவோல்ட் கணக்கில் எதிர்பார்க்கும் இடத்தில் அதைப் போலப் பல மடங்கு கொடுத்தால் அலையின் உச்சி நறுக்கப்பட்டுவிடும். அதுதான் கரகரப்பு. துளை மோனோ என்பதால் ஒரு பக்கம் மட்டும் பதிகிறது. ரெக்கார்டரில் லைன்-அவுட் இருந்தால் அதிலிருந்து, இல்லாவிட்டால் ஹெட்போன் துளையிலிருந்து ஒலியைப் பாதியாகக் குறைத்து, கார்டின் லைன்-இன்னில் கொடுங்கள். பாட்டின் மிக உரத்த பகுதியை ஓடவிட்டு, பதிவு மென்பொருளின் மீட்டர் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாதபடி வைத்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்தைத் தாண்டி நறுக்கப்பட்டதைப் பிறகு முழுதாக மீட்க முடியாது, தாழ்ந்திருந்தால் உயர்த்திக்கொள்ளலாம். இசைத்தட்டு என்றால் நடுவே ஒரு ஃபோனோ பிரீஆம்ப் வேண்டும். இல்லாவிட்டால் ஒலி ஈனமாகவும், அடிநாதமே இல்லாமலும் வரும்.

கேள்வி: கார்டு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அவ்வப்போது 'டப் டப்' என்று வெட்டுகிறது. சில சமயம் கணினியிலிருந்தே காணாமல் போகிறது.

பதில்: முதலில் யுஎஸ்பி ஹப்பை விட்டுக் கழற்றி, மதர்போர்டின் பின்பக்கத் துளையில் நேராகச் செருகுங்கள். வெப்கேமராவும் சவுண்ட் கார்டும் ஒரே ஹப்பில் இருந்தால் இப்படி ஆவது சகஜம். பிறகு விண்டோஸ் பவர் பிளானின் மேம்பட்ட அமைப்பில் 'யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை அணையுங்கள்; சும்மா இருக்கும் கார்டைத் தூங்கவைத்து எழுப்பாமல் விடுவது பலமுறை இதுதான். பதிவு மென்பொருளில் மட்டும் வெட்டினால் பஃபரை, அதாவது ஒலியைச் சற்றுச் சேர்த்துவைக்கும் அளவை, உயர்த்துங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்பது 2.7 மில்லிநொடி, 512 ஆக்கினால் 10.7. பாடிக்கொண்டே தன் குரலை ஹெட்போனில் கேட்பவருக்கு இந்தத் தாமதம் உறுத்தும், மற்றவருக்குத் தெரியாது. விண்டோஸில் 44.1, மென்பொருளில் 48 என்று முரண்பட்டிருந்தால் ஒன்றாக்குங்கள். இத்தனைக்கும் பிறகு கேபிளை அசைத்தால் வெட்டுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: கைப்பேசியோடு வந்த இயர்போனை மாட்டினால் பாட்டு கேட்கிறது, மைக் வேலை செய்யவில்லை.

பதில்: உங்கள் இயர்போன் பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும், அதாவது நான்கு தொடர்புகள். கார்டில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் தனித்தனித் துளை. நான்கு தொடர்புப் பின்னை இரண்டாகப் பிரிக்கும் ஒய் வடிவக் கேபிள் ஒன்று போதும். வாங்கும்போது கவனியுங்கள்: ஒரே ஹெட்போன் சிக்னலை இருவர் கேட்கப் பிரிக்கும் கேபிளும் பார்க்க அச்சு அசலாக இதே மாதிரி இருக்கும். மைக் படம் போட்ட முனை உள்ளதே உங்களுக்கானது.

கேள்வி: 300 ஓம் ஹெட்போனுக்கு ஒலி போதவில்லை. முழுதாக வைத்தாலும் மெதுவாகவே கேட்கிறது.

பதில்: சின்னக் கார்டு உச்சத்தில் 1 வோல்ட் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓம், அதாவது மின்தடை, கூடக்கூடக் கிடைக்கும் சக்தி குறையும்: 32 ஓம் ஹெட்போனுக்கு அது 31 மில்லிவாட், உங்களுடையதற்கு 3.3 தான். கார்டை மாற்றுவதைவிட, அதன் பின்னால் ஒரு சின்ன ஹெட்போன் ஆம்ப் சேர்ப்பது மலிவாக முடியும். கார்டின் ஒலியைக் கிட்டத்தட்ட முழுதாக வைத்து, ஆம்பின் திருகில் கூட்டிக் குறையுங்கள். ஹெட்போனைத் தலையில் மாட்டும் முன் அந்தத் திருகு அடியில் இருக்கட்டும்.