லண்டன், பாரிஸ், சுவிட்சர்லாந்து: ஒரே யுனிவர்சல் அடாப்டர் போதுமா?

கேள்வி: குடும்பத்தோடு லண்டன், பாரிஸ், சுவிட்சர்லாந்து போகிறோம். இரண்டு போன், ஒரு லேப்டாப், ஒரு கேமரா. யுனிவர்சல் அடாப்டர் ஒன்று வாங்கினால் சமாளிக்கலாமா?

சமாளிக்கலாம். ஆனால் நானாக இருந்தால் அதை வாங்க மாட்டேன்.

முதலில் சார்ஜரைத் திருப்பி, அதில் சாம்பல் நிறத்தில் பொடியாக அச்சடித்திருப்பதைப் படியுங்கள். ‘இன்புட் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்று இருந்தால் எந்த ஊரிலும் வேலை செய்யும். போன், லேப்டாப், கேமரா சார்ஜர்கள் இப்போது பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. நீங்கள் போகும் மூன்று நாடுகளிலும் நம்மூர் மாதிரியே 230 வோல்ட்தான். மாறுவது பிளக்கின் வடிவம் மட்டும். (அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100. அடாப்டர் வோல்டேஜை மாற்றாது, அதனால் மிக்ஸியை அங்கே தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.)

லண்டனுக்குத் தட்டையான மூன்று பின் வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, துபாய் போய் வந்தவர்கள் வீட்டில் இருந்தால் கேளுங்கள், அதே பின்தான். அங்கே சாக்கெட்டின் மேல் ஓட்டையில் எர்த் பின் நுழைந்தால்தான் கீழே உள்ள இரண்டு ஓட்டைகளின் மூடி திறக்கும். நம்மவர்கள் மேல் ஓட்டையில் பேனா மூடியைச் சொருகிவிட்டு, நம்மூர் ரெண்டு பின் சார்ஜரைத் திணிப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். செவ்வக ஓட்டையில் உருண்டைப் பின் சரியாகப் பிடிக்காது, சூடாகும். தவிர, அங்கே சாக்கெட்டுகளுக்குப் போகும் லைன் பெரும்பாலும் 32 ஆம்பியர், சார்ஜர் வயர் தாங்குவதைவிட மிக அதிகம். உங்கள் வயரைக் காப்பாற்றுவது பிளக்குக்குள் இருக்கும் சின்ன பியூஸ்தான். பேனா மூடி வித்தையில் அந்தப் பியூஸே இல்லாமல் போகிறது.

பாரிஸில் ரெண்டு உருண்டைப் பின். சாக்கெட் ஒரு வட்டக் குழிக்குள் இருக்கும். சுவிட்சர்லாந்திலும் ரெண்டு பின் நுழையும், ஆனால் அங்கே பெரும்பாலும் குறுகலான அறுகோணக் குழி. யுனிவர்சல் அடாப்டர் சிக்கிக்கொள்வது இங்கேதான். பெட்டி பெரியது, குழிக்குள் இறங்காது. இறங்கினாலும் சார்ஜரின் கனத்தில் மெல்லத் தலை சாய்த்து, ராத்திரி எப்போதோ கழன்றுவிடும். காலையில் எழுந்து பார்த்தால் போனில் பாதி சார்ஜ்கூட ஏறியிருக்காது.

அதனால் ஒல்லியான, தட்டை உடம்புள்ள ரெண்டு பின் அடாப்டர் ஒன்றும், லண்டனுக்குப் பியூஸ் வைத்த அடாப்டர் ஒன்றும் வாங்குங்கள். கூடவே நாலு போர்ட் உள்ள நல்ல யுஎஸ்பி சார்ஜர் ஒன்று. அறைக்கு ஒரு அடாப்டர் போதும், எல்லாப் போனும் அதிலேயே ஏறும். லேப்டாப்பும் டைப்-சி என்றால் இன்னும் வசதி, 65 வாட் சார்ஜராகப் பார்த்து வாங்கினால் சாதாரண லேப்டாப்புக்கும் அதுவே போதும்.

லேப்டாப் பழைய மாடல் என்றால், செங்கல் மாதிரி இருக்கும் அதன் சார்ஜரிலிருந்து சுவர் வரை போகும் வயர் தனியாகக் கழலும். அந்த வயரை மட்டும் லண்டன் பிளக்கோடு வாங்கிக்கொள்ளலாம். அடாப்டரே வேண்டாம், எர்த்தும் கிடைக்கும். யுனிவர்சல் அடாப்டர்கள் பலவற்றில் எர்த் கிடையாது. உலோக உடம்புள்ள லேப்டாப்பைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்று இருப்பது அதனால்தான்.

கெட்டில் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் அடாப்டரில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 1500 வாட் கெட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும், 6 ஆம்பியர் அடாப்டர் தாங்காது. லண்டன் ஹோட்டல் பாத்ரூமில் ரெண்டு பின் சாக்கெட் கண்ணில் பட்டால், அது ஷேவருக்கு மட்டும். ஹேர் டிரையரை அதில் மாட்ட வேண்டாம்.

பவர் பேங்க் கைப்பையில் இருக்கட்டும், செக்-இன் பெட்டியில் விடமாட்டார்கள். அடாப்டரைச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ உங்கள் ஊர் எலெக்ட்ரிக்கல் கடையிலோ இப்போதே வாங்கிவிடுங்கள். ஏர்போர்ட் கடையில் இதே சாமானுக்கு வாய்க்கு வந்த விலை சொல்வார்கள்.