முள் சிவப்பைத் தொடுகிறது, தண்ணீர் கொதிக்கவில்லை

கேள்வி: 1990-களின் இறுதியில் வெளிவந்த ஆறு சக்கர லாரி ஒன்றை வைத்திருக்கிறேன். கம்பத்தில் காய்கறி ஏற்றிக்கொண்டு குமுளி, குட்டிக்கானம், முண்டக்கயம் வழியாகக் கோட்டயத்துக்கு வாரம் மூன்று நடை ஓட்டுகிறேன். நான்கு மாதங்களாக ஹீட் மீட்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடுகிறது. லோயர்கேம்ப் தாண்டி மலை ஏறும்போது மட்டுமல்ல, முண்டக்கயம் இறக்கத்திலும் அது கீழே வருவதில்லை. ஆனால் ஆவி வருவதில்லை. மறுநாள் காலையில் திறந்து பார்த்தால் தண்ணீரும் குறைவதில்லை. ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவியாயிற்று, வாட்டர் பம்ப் மாற்றியாயிற்று. ஒரு பட்டறையில் தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிட்டார்கள். இப்போது எஞ்சினின் மேல் மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். இரவில் விளக்குப் போட்டவுடன் முள் இன்னும் கொஞ்சம் ஏறுகிறது. டீசல் மீட்டரும் பாதி டாங்கிக்கு முழு டாங்கி காட்டுகிறது. அது பழைய குறை என்று விட்டுவிட்டேன். ஹெட்டைக் கழற்றலாமா?
— வாசகர், கம்பம்

பதில்: இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். உங்கள் கடிதத்தில் முக்கியமான செய்தி, நீங்கள் பழைய குறை என்று ஒதுக்கிய டீசல் மீட்டரில்தான் இருக்கிறது. பழைய வண்டிகள் பலவற்றில், மீட்டர் பலகையின் பின்னால் மின்னழுத்தத்தைச் சீராக்கி அனுப்பும் சிறு கருவி ஒன்று உண்டு. டீசல் மீட்டருக்கும் ஹீட் மீட்டருக்கும் அதிலிருந்துதான் மின்சாரம் போகிறது. அந்தக் கருவி கெட்டாலோ, அதற்கு எர்த் சரியாகக் கிடைக்காவிட்டாலோ, பேட்டரியின் முழு அழுத்தமும் இரண்டு மீட்டர்களுக்கும் போய் இரண்டு முட்களும் உள்ளதைவிட மேலே நிற்கும். எஞ்சினில் சூடு ஏறினால் டீசல் முள் ஏறாது. ஆகவே இரண்டும் சேர்ந்து ஏறும்போது, முதலில் சந்தேகிக்க வேண்டியது மீட்டர் பலகையை, எஞ்சினை அல்ல.

விளக்குப் போட்டவுடன் முள் நகர்வதும் இதையே சொல்கிறது. உங்கள் எஞ்சினிலும் ரேடியேட்டரிலுமாகப் பதினைந்து இருபது லிட்டர் தண்ணீர் ஓடுகிறது. அவ்வளவு தண்ணீரின் சூடு ஒரு சுவிட்சைத் தட்டியதும் மாறாது. உண்மையான சூடு மெல்ல ஏறும், மெல்ல இறங்கும். சட்டென்று தாவும் முள்ளை நகர்த்துவது மின்சாரம்தான்.

மூன்றாவது சாட்சியை நீங்கள் ஓட்டும் சாலையே தருகிறது. குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயம் வரையுள்ள நீண்ட இறக்கத்தில், கியரில் போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து வரும்போது எஞ்சினுக்குள் டீசல் ஏறக்குறைய எரிவதே இல்லை. ஃபேனும் பம்பும் மட்டும் நல்ல வேகத்தில் சுற்றுகின்றன. ஏற்றத்தில் ஏறிய சூடு அந்த இறக்கத்தில் தணிந்தே ஆக வேண்டும். மலை முழுவதும் இறங்கிய பிறகும் முள் சிவப்பிலேயே நின்றால், அது சொல்லும் சூட்டை நான் நம்ப மாட்டேன்.

ஆனாலும் ஊகத்தோடு நிற்காமல் அளந்து பாருங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து ஒரு தனி ஒயரை இழுத்து, மீட்டர் பலகையின் எர்த் போல்ட்டில் வைத்து அழுத்துங்கள். இரண்டு முட்களும் சிறிது நேரத்தில் கீழே வந்தால் நோய் கிடைத்துவிட்டது. அந்தப் போல்ட்டைக் கழற்றினால் வாஷருக்கு அடியில் பச்சைக் களிம்போ பெயின்ட்டோ படிந்திருப்பதைப் பெரும்பாலும் பார்க்கலாம். உப்புத்தாளால் தேய்த்து, உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகு முடுக்குங்கள். அப்படியும் முட்கள் இறங்காவிட்டால் அழுத்தம் சீராக்கும் கருவியை மாற்றிப் பாருங்கள். எஞ்சினில் தண்ணீரின் சூட்டை அறிந்து மீட்டருக்குச் சொல்லும் சென்சரின் ஒயரைப் பிடுங்கியும் ஒரு முறை பார்க்க வேண்டும்: பொதுவாக முள் குளிர்ந்த பக்கத்துக்கு விழுந்துவிடும். விழாவிட்டால் அந்த ஒயர் எங்கோ உரசி வண்டியின் இரும்புச் சட்டத்தை (சேஸிஸை) தொடுகிறது என்று பொருள்.

சென்சரையும் சோதிக்கலாம். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு அதைக் கழற்றி, அதன் உடலை ஒரு ஒயரால் எஞ்சினோடு இணைத்து, அதன் ஒயரையும் மாட்டியபடியே கொதிக்கும் தண்ணீரில் முனையை முக்குங்கள். கம்பத்தில் தண்ணீர் ஏறத்தாழ 99 டிகிரியில் கொதிக்கும். ஏறத்தாழ 880 மீட்டர் உயரத்திலுள்ள குமுளியில் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகையால் சோதனையை ஊரிலேயே செய்யுங்கள். அந்தச் சூட்டில் முள் சிவப்பின் ஓரத்துக்கு முன்னால் நின்றால் சென்சர் சரி. சிவப்புக்குள் ஆழமாகப் போனால் சென்சரோ மீட்டரோ தவறு. வேறு வண்டியின் சென்சரை மாட்டியிருந்தாலும் இதே கோளாறு வரும், ஏனென்றால் எந்த மீட்டரும் தனக்குரிய சென்சரோடுதான் சரியாகப் பேசும். தொடாமலே வெப்பம் அளக்கும் கருவி எந்தப் பட்டறையிலாவது இருந்தால், தெர்மோஸ்டாட் மூடியின் மேல் கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் குறிவைத்து அளக்கச் சொல்லுங்கள். பளபளக்கும் உலோகத்தின் மேல் நேராக அளந்தால் கருவி குறைத்துக் காட்டும். ஓடிச் சூடேறிய எஞ்சினில் 80-க்கும் 95-க்கும் இடையில் வந்தால் கவலை இல்லை.

கழற்றிய தெர்மோஸ்டாட்டை அவசியம் திரும்ப மாட்டுங்கள். வெயில் ஊருக்கு அது தேவையில்லை என்ற பேச்சு நம் பட்டறைகளில் ஊறிப்போயிருக்கிறது. கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஏறத்தாழ 82 டிகிரியில் திறக்கத் தொடங்கி, ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும்போதே, ரேடியேட்டரைத் தொடாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவரும் குறுக்கு வழியை அது அடைத்துவிடுகிறது. அதைக் கழற்றினால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு குளிராமலே திரும்பி வரும். ஆகவே லோடோடு மலை ஏறும்போது சூடு குறைவதற்குப் பதிலாகக் கூடலாம். லோடு இல்லாத நேரத்திலோ எஞ்சின் போதிய சூட்டுக்கு வராமல் டீசலும் தேய்மானமும் அதிகமாகும்.

மீட்டர் சரியாகி, அதன் பிறகும் ஏற்றத்தில் முள் ஏறினால் அப்போது எஞ்சின் பக்கம் வருவோம். ஃபேன் பெல்ட்டின் தொய்வு, ரேடியேட்டர் மூடியின் ரப்பர், வேகத்தில் உள்ளே ஒட்டிக்கொள்ளும் ரேடியேட்டரின் கீழ் ஹோஸ், போர்வெல் தண்ணீரின் உப்புப் படிந்த குழாய்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் ஹெட் கேஸ்கட். எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தால், தண்ணீரில் இடைவிடாமல் குமிழி வருகிறதா என்று பார்த்து அதையும் ஓரளவு அறியலாம். நீங்கள் எழுதியபடி தண்ணீர் குறையாத வண்டியில் அதற்கான வாய்ப்பு மிகவும் குறைவு.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மீட்டரைச் சரிசெய்யும் வரை அதைப் பார்க்காமலே ஓட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். மீட்டர் பொய் சொல்கிறது என்று பழகிப்போன ஓட்டுநர் ஒருவரின் வண்டியை லோயர்கேம்ப்புக்கு மேலே, இரண்டாவது வளைவில் பார்த்திருக்கிறேன். கீழ் ஹோஸ் கிழிந்து தண்ணீர் முழுவதும் கொட்டியிருந்தது. சென்சரைத் தொடத் தண்ணீரே இல்லாததால் சிவப்பில் இருந்த முள் தானாகக் கீழே வந்திருக்கிறது. சூடு தணிந்துவிட்டதாக எண்ணி அவர் மேலும் ஓட்ட, பிஸ்டன்கள் பிடித்துக்கொண்டன. ஏற்றத்தின் நடுவில் முள் திடீரென்று விழுந்தாலும் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

கேள்வி: செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவு ஏறும்போது என் லாரி உண்மையாகவே சூடாகிவிடுகிறது. உடனே எஞ்சினை அணைத்துத் தண்ணீர் ஊற்றலாமா?
— வாசகர், செங்கோட்டை

பதில்: தண்ணீர் கொட்டாமலும் ஃபேன் பெல்ட் அறாமலும் இருந்தால் உடனே அணைக்காதீர்கள். ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினைச் சற்றுக் கூடுதல் வேகத்தில் சில நிமிடங்கள் ஓடவிடுங்கள். பம்பும் ஃபேனும் சுற்றினால்தான் ஹெட்டில் தேங்கிய சூடு ரேடியேட்டருக்கு வரும். தண்ணீர் கொட்டினாலோ பெல்ட் அறுந்தாலோ அந்த நொடியே அணைத்துவிட வேண்டும். மூடியை மட்டும் சூட்டில் திறக்காதீர்கள். உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் இருப்பதால் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் கிடக்கும். மூடி தளர்ந்த கணமே கொதித்து முகத்தில் பாயும். மேல் ஹோஸைத் துணி சுற்றிப் பிடித்து அழுக்கினால் மெத்தென்று அமுங்கும் நிலை வரும் வரை காத்திருங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே, சிறிது சிறிதாகத் தண்ணீர் ஊற்றுங்கள். காய்ந்த ஹெட்டில் குளிர்ந்த நீர் ஒரேயடியாகப் பட்டால் வெடிப்பு விழும். அடுத்த நடையில், எஞ்சின் திணறத் தொடங்கும் முன்பே ஒரு கியர் குறைத்து ஏறிப் பாருங்கள். பெரிய கியரில் முக்கிக்கொண்டு ஏறும்போது ஃபேன் மெதுவாகச் சுற்றும். சூட்டுக்குப் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கலாம்.